லார்ப் ஆடப் போகிறீர்களா? முதலில் தூங்குங்கள், அப்புறம் நடிக்கலாம்

லார்ப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற உடையைப் போட்டுக்கொண்டு, சில மணி நேரமோ மூன்று நாளோ அந்த ஆளாகவே நடந்து, பேசி, சாப்பிட்டு, சண்டை போட்டுக் கழிப்பது. வசனம் எழுதித் தர மாட்டார்கள். பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது, ஆடுகிறவர்கள்தான் பார்க்கிறவர்களும். ஜெர்மனியில் நடக்கும் கான்குவெஸ்ட் ஆஃப் மித்தோடியா மாதிரி ஆயிரக்கணக்கானோர் கூடாரம் அடித்துப் போர் புரிவதும் லார்ப்தான், ஒரு சின்ன அறைக்குள் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு குடும்பத்தின் சொத்துத் தகராறைச் சாயங்காலம் முழுக்க ஆடுவதும் லார்ப்தான்.

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு நடிக்க வராதே, பரவாயில்லையா?" பரவாயில்லை. யாரோடு ஆடினால் நன்றாக இருக்கும் என்று ஆடிப் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நினைத்தவுடன் கண்ணீர் விடத் தெரிந்தவரை முதலில் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் சும்மா நிற்பவரைக் கதைக்குள் இழுத்து விடுகிறவர், நடு ராத்திரியிலும் சிடுசிடுக்காதவர், எதிராளியின் முகம் மாறினால் உடனே கவனிக்கிறவர், இப்படிப்பட்டவர்கள் பேர்தான் வரும். ஆடும் திறமையை ஒரு பக்கமும் உடம்பு மனசு நலத்தை இன்னொரு பக்கமும் வைத்துத் தனித்தனியாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பசியில் இருப்பவருக்கு எதிரில் நிற்பவரின் முகம் கண்ணில் படாது, முகம் கண்ணில் படாதவரோடு யாரும் ஆட முடியாது.

எந்த ஆட்டம், எந்த நேரத்தில்

எல்லா லார்ப்பும் ஒரே ரகம் என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. போலந்தில் சோஹா கோட்டையில் 2014-இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் விசர்ட்ரியில் நீங்கள் மாயவித்தைக் கல்லூரி மாணவராகவோ பேராசிரியராகவோ இருப்பீர்கள், வகுப்புக்குப் போகலாம், ராத்திரி நிலவறையில் திருட்டுத்தனமாகச் சுற்றலாம், காதலில் விழுந்து அசடு வழியலாம். நார்வேயில் 2011-இல் முதலில் ஆடப்பட்ட ஜஸ்ட் எ லிட்டில் லவ்வின் அப்படியில்லை. 1982, 1983, 1984 என அடுத்தடுத்த மூன்று வருட ஜூலை 4 விருந்துகள், நியூயார்க், எய்ட்ஸ் வந்து இறங்கும் காலம். யாருக்கு நோய், யாருக்குச் சாவு என்பதை அங்கங்களுக்கு நடுவே ஒரு சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கும். அங்கே போய் "நான் எப்படி ஜெயிப்பது" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஆகவே பதிவு செய்வதற்கு முன் ஏற்பாட்டாளர்கள் போட்டிருக்கும் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். எந்த விஷயங்கள் கட்டாயம் வரும், எவை வரவே வராது, இரவிலும் ஆட்டம் ஓடுமா, எங்கே படுக்கை, தொடுவதற்கு என்ன விதி, நிறுத்துவதற்கு என்ன சமிக்ஞை, இதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கேட்டதற்கு எரிச்சலோடு பதில் வந்தால் அந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள், ஊரில் வேறு ஆட்டமே இல்லையா என்ன.

இன்னொன்று உங்கள் நிலைமை. வீட்டில் ஒரு சாவு நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆட்டம் முழுக்கச் சாவைப் பற்றியது என்றால், "அழுது தீர்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்ப வேண்டாம் என்பதுதான் என் கட்சி. சிலருக்கு அது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்களைச் சுற்றி இருக்கப்போகிறவர்கள் மனநல ஆலோசகர்கள் இல்லை, தகர வாளும் ஒட்டுத்தாடியும் வைத்துக்கொண்டு விடுமுறைக்கு வந்த கணக்கர்களும் ஆசிரியர்களும். அவர்கள் தலையில் அந்தப் பாரத்தை இறக்கி வைப்பது நியாயமில்லை.

பதிவுப் படிவத்தில் உடல்நிலை பற்றிக் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு, வேர்க்கடலை ஒவ்வாமை எதுவாக இருந்தாலும். இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று கூடத் தங்குகிறவர் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

உடம்பு

மூன்றாம் நாள் மாலை ஒருவர் மூலையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தால், பாத்திரத்தின் சோகம் அவரைப் பிடித்துக்கொண்டது என்று சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். பாதிக்கு மேல் அது வெறும் பசியும் தூக்கமின்மையும்தான். முந்தின ராத்திரி மூன்று மணி நேரத் தூக்கம், காலையில் காபி மட்டும், மத்தியானம் "என் பாத்திரம் துக்கத்தில் இருக்கிறான், சாப்பிட மாட்டான்" என்று தட்டைத் தள்ளி வைத்தது, எல்லாம் சேர்ந்து சாயங்காலம் வட்டியோடு வரும். அப்படி ஒருவரைப் பார்த்தால் ஆறுதல் வார்த்தை தேடுவதற்கு முன் ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுங்கள், உட்கார்ந்து அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை இருங்கள். அதற்கப்புறமும் அழுகை நிற்கவில்லை என்றால் பேசலாம்.

பாத்திரம் உண்ணாவிரதம் இருக்கட்டும், நீங்கள் ஒளிந்து நின்றாவது சாப்பிட்டுவிடுங்கள். பாத்திரத்துக்குப் பசி வரக் காரணம் கண்டுபிடிப்பது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை.

தூக்கத்தைத் தடுப்பது பெரும்பாலும் ஆர்வம்கூட இல்லை, கொடுத்த காசு. டிக்கெட்டுக்கு நூற்றுக்கணக்கில் யூரோ, அதற்கு மேல் விமானம், உடை, இவ்வளவு செலவழித்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் விடியற்காலை இரண்டு மணிக்கு நிலவறையில் நடக்கப்போகும் சடங்கு போய்விடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். போகட்டும். ஒரே ஆட்டத்தில் எல்லாவற்றையும் பார்க்க யாராலும் முடியாது, கட்டமைப்பே அப்படித்தான், பத்து இடத்தில் ஒரே நேரத்தில் கதை ஓடும். எதை விடுவது என்று நீங்களே தேர்ந்தெடுக்காவிட்டால் உடம்பு தேர்ந்தெடுக்கும், அது உச்சக்கட்டக் காட்சியாகப் பார்த்துத்தான் கழுத்தை அறுக்கும்.

உடை. புதிதாகத் தைத்த உடையையோ பூட்ஸையோ ஆட்டத்தன்று முதல் முறையாகப் போடாதீர்கள். ஒரு நாள் முழுக்க வீட்டில் போட்டுக்கொண்டு சமைத்து, மாடிப்படி ஏறி, கழிப்பறைக்கும் போய்ப் பாருங்கள். பத்து கொக்கி போட்ட உடையை அவசரத்தில் தனியாகக் கழற்ற முடியுமா என்பது வரலாற்றுத் துல்லியத்தைவிட முக்கியமான கேள்வி. ஐரோப்பியக் காட்டில் கோடையிலும் ராத்திரி நடுங்க வைக்கும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அதிகமாக எடுத்துப் போங்கள், ஈரக் காலுறையோடு நடந்தால் கொப்புளம் நிச்சயம். இரும்பு வளையக் கவசம் 10 கிலோவைத் தொடும், அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிறவர் தாகம் எடுக்கக் காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவரா? ஒரு மாற்றுக் கண்ணாடி, அதற்குப் பின்னால் கட்ட ஒரு கயிறு.

சண்டை உள்ள ஆட்டம் என்றால் ஆயுதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் கண்ணாடியிழைத் தண்டு, அதைச் சுற்றி நுரை, மேலே லேடெக்ஸ் பூச்சு. பார்க்க இரும்பு மாதிரி, தொட்டால் மெத்தை மாதிரி, ஆனால் வேகமாக வீசினால் மெத்தைக்குள் இருக்கும் தண்டு தன் வேலையைக் காட்டும். அதனால் அடி படுவதற்குக் கொஞ்சம் முன்பே கையைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்கப் பழக வேண்டும். தலையில் அடிக்கக் கூடாது. குத்துவதற்கென்று செய்யப்படாத ஆயுதத்தால் குத்தக் கூடாது, தண்டின் நுனி நுரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் கண் போய்விடும். ஆட்டம் தொடங்கும் முன் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தண்டு கையில் தட்டுப்பட்டால் அந்த வாளை ஓரம் வையுங்கள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

மது பல ஆட்டங்களில் கிடையவே கிடையாது, சிலவற்றில் அளவோடு உண்டு. நிஜமாகக் குடித்துவிட்டு ஆடுகிறவரோடு காட்சி போட நான் தயாரில்லை, நீங்களும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

ஆட்டம்

இப்போது திறமைக்கு வருவோம். ராஜா வேடம் போட்டவரை ராஜா ஆக்குவது அவருடைய கிரீடமோ குரலோ கிடையாது, சுற்றி நிற்பவர்கள்தான். முதல் முறை ஆடுகிற ஒரு பெண், ஜமீன்தாரிணி வேடம், விருந்து மண்டபத்துக்குள் தயங்கித் தயங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு பணியாள். பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்துங்கள், முதுகை நிமிர்த்துங்கள், பார்வையைத் தாழ்த்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு "அம்மா, சமையல்கட்டில் ஒரு பிரச்சினை, தாங்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்" என்று காதருகே சொல்லுங்கள். அவர் தோள் மெல்ல நிமிர்வதை அங்கேயே பார்க்கலாம். அதற்கு முன் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் இருந்தது, இப்போது ஒரு வேலை இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, பேச விஷயம் இருக்கிறது. நீங்கள் ஒரு வரிதான் பேசினீர்கள்.

நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து மாதிரியான நார்டிக் நாடுகளில் பல வருடமாக ஒரு பேச்சு உண்டு: ஜெயிக்க ஆடாதே, தோற்க ஆடு என்று. ரகசியத்தைப் பூட்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, அது வெளியே வந்து மானம் போகும்போதுதான் பத்து பேருக்குக் காட்சி கிடைக்கிறது. சரியான பேச்சுதான், ஆனால் அதையே பிடித்துக்கொண்டு எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் தோல்வியை அரங்கேற்ற ஆரம்பித்தார்கள், யார் அதிகம் நொறுங்கினார் என்பதே புதுப் போட்டியாகிவிட்டது. பிற்பாடு அடுத்தவரைத் தூக்கிவிட ஆடு என்று ஒரு திருத்தம் வந்தது, என் ஓட்டு அதற்குத்தான். நீங்கள் தோற்கிறீர்களா ஜெயிக்கிறீர்களா என்பது கிடக்கட்டும், நீங்கள் வந்ததால் அந்தக் காட்சியில் இன்னொருவர் இன்னும் நன்றாகத் தெரிந்தாரா?

அடுத்தது கொஞ்சம் சூட்சுமம். ஆடும்போது தலைக்குள் இரண்டு பேர் இருப்பார்கள், பாத்திரம் ஒருவர், நீங்கள் ஒருவர். ஸ்டீயரிங் நீங்கள்தான் பிடிக்க வேண்டும், அதற்கு லார்ப்காரர்கள் வைத்த பெயரும் ஸ்டீயரிங்தான். அவமானப்பட்ட உங்கள் பாத்திரம் கோபித்துக்கொண்டு கோட்டையை விட்டே போய்விடுவான், கதைப்படி அதுதான் நியாயம், ஆனால் போய்விட்டால் மீதி ஒன்றரை நாள் நீங்கள் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் அவனுக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் கண்டுபிடிக்கிறீர்கள்: தங்கை உள்ளே இருக்கிறாள், குதிரைக்குக் கால் ஒடிந்துவிட்டது, ஏதோ ஒன்று. சாப்பாட்டு மணி அடிக்கப்போகிறது என்றால் வாக்குவாதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நகர்த்துவதும், ஓரமாகச் சும்மா நிற்பவர் பக்கம் சண்டையைத் திருப்பிவிடுவதும் இதில்தான் சேரும்.

இதைச் செய்யாதவர்கள் சொல்லும் ஒரு சாக்கு உண்டு: "நான் என்ன செய்ய, என் பாத்திரம் அப்படித்தான் நடந்துகொள்வான்." பாத்திரத்தை எழுதியது நீங்கள், அல்லது எழுதியதை வாங்கி உயிர் கொடுத்தது நீங்கள். அவன் கொடூரமானவன் என்றால் யாரிடம், எவ்வளவு நேரம், எந்த வார்த்தையில் கொடூரம் காட்டுவது என்பதை முடிவு செய்தது நீங்கள். ஒரு புது ஆளை நாள் முழுக்கக் குறிவைத்து மட்டம் தட்டிவிட்டு அதைப் பாத்திரத்தின் தலையில் கட்டுவது அயோக்கியத்தனம், வேறு நாகரிகமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

கதை வறண்டுபோய் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நேரம் எல்லோருக்கும் வரும். அப்போது பெரிய திருப்பத்துக்காகக் காத்திருக்காமல் ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேநீர் ஊற்றிக்கொண்டு வரிசையாகப் போனால் எல்லா மேசையிலும் நிற்கலாம், எல்லாப் பேச்சும் காதில் விழும். கடிதம் கொண்டுபோகிறவன், விளக்கேற்றுகிறவன், கணக்கெழுதுகிறவன் எல்லோருக்கும் எந்த அறைக்குள்ளும் நுழைய உரிமை உண்டு. கையில் ஏதாவது இருந்தால் பதற்றமும் பாதி குறையும்.

புதியவர்கள் சுற்றியிருப்பவர்களைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் நடக்கும் பயிற்சிப் பட்டறையில் சொல்லிக் கொடுத்தது மறந்துபோகும், பழைய ஆட்டக்காரர் என்ன செய்தார் என்பது மறக்காது. டென்மார்க்கில் 2006 முதல் நடக்கும் ஒஸ்டர்ஸ்கோவ் உறைவிடப் பள்ளியில் பாடத்தையே பாத்திரமேற்று ஆடித்தான் படிக்கிறார்கள், நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்லை, பார்த்துத்தான் கற்க வேண்டும். ஆகவே நீங்கள் பழையவர் என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு "எனக்குத் தூக்கம் வருகிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று எல்லோர் காதிலும் விழும்படிச் சொல்லிவிட்டுப் போய்ப் படுங்கள். போவது தப்பில்லை என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியும்.

நிறுத்தச் சொல்வது

நார்டிக் ஆட்டங்களில் நீண்ட நாளாக இருப்பவை இரண்டு சொற்கள்: கட், பிரேக். கட் என்று யார் சொன்னாலும் காட்சி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பிரேக் என்றால் நிறுத்த வேண்டாம், இதற்கு மேல் போகாதே, கொஞ்சம் தணி. சண்டை ஆட்டங்களில் ஹோல்ட் என்று கத்துவார்கள், யாருக்கோ நிஜமாகவே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம், எல்லோரும் அப்படியே உறைய வேண்டும்.

வாயைத் திறந்து சொல்லப் பலருக்குத் தயக்கம் என்பதால் கையால் செய்யும் சமிக்ஞைகள் வந்தன. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து எதிராளிக்குக் காட்டுவது "நிஜமாகவே நன்றாக இருக்கிறீர்களா" என்ற கேள்வி. கட்டைவிரல் மேலே என்றால் ஆட்டம் தொடரலாம். கீழே என்றால் அவரை வெளியே கூட்டிப்போக வேண்டும். கையைத் தட்டையாக வைத்து ஆட்டினாலும் கீழே காட்டியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சுமாராக இருக்கிறேன் என்று சொல்கிறவர் பெரும்பாலும் சுமாராகக்கூட இல்லை. இன்னொன்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைப்பது போல் மறைத்துக்கொண்டு நடந்து போவது. நான் போகிறேன், என்னை யாரும் பார்க்கவில்லை, காரணம் கேட்காதீர்கள் என்று பொருள். சும்மா கழிப்பறைக்குப் போகிறவரும் இதையே செய்யலாம், அதுதான் இதன் அழகு, எதற்காகப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் பட்டறையில் அரை மணி நேரத்தில் கற்றுவிடலாம். கஷ்டம் அங்கே இல்லை. நல்ல காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது, பத்து பேர் உருகி உருகி ஆடுகிறார்கள், நாம் போய்க் கெடுப்பதா என்ற நினைப்பு தொண்டையை அடைக்கும், நம் ஊர்க்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது: முதல் நாள் சாயங்காலமே ஒரு அற்பக் காரணத்துக்காக அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிடுங்கள். கால் மரத்துப்போய்விட்டது, பிரேக். ஊக்கு குத்துகிறது, கட், ஒரு நிமிஷம், சரி போகலாம். உலகம் இடிந்து விழவில்லை என்று உங்களுக்கும் தெரியும், அந்தக் குழுவுக்கும் தெரியும். நிஜமாகத் தேவைப்படும்போது சொல் தானாக வாயில் வரும்.

யாராவது உங்கள் காட்சியை நிறுத்தினால் "என்ன ஆச்சு, நான் ஏதாவது தப்பு செய்தேனா" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிடும். "சொன்னதற்கு நன்றி. தண்ணீர் வேண்டுமா?" போதும்.

தொடுவது பற்றி ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், காதல் காட்சி என்றால் மட்டுமில்லை, தள்ளுவது, கையைப் பிடித்து இழுப்பது, முகத்துக்கு நேரே கத்துவது எல்லாவற்றுக்கும். "தோளில் கை வைக்கலாமா? இழுத்துக்கொண்டு போகலாமா? முடியைத் தொடலாமா?" என்று நேரடியாகக் கேட்டு ஆம் இல்லை வாங்கிக்கொள்ள இரண்டு நிமிடம்கூட ஆகாது. நெருக்கத்தைக் காட்ட ஸ்வீடனில் 2000-களின் தொடக்கத்தில் உருவான ஆர்ஸ் அமாண்டி என்ற முறையில் கைகள், தோள், கழுத்து இவற்றை மட்டுமே தொட்டு, கண்ணைப் பார்த்துக்கொண்டே முழுக் காதல் காட்சியையும் ஆடுவார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், பத்து விநாடி செய்து பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். ஒருவர் ஒப்புக்கொண்டதைத் தாண்டி இன்னொருவர் நடந்துகொண்டால் அது ஆட்டத்தின் பகுதி கிடையாது, ஏற்பாட்டாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். பெரிய ஆட்டங்களில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள்.

பாத்திரம் ஒட்டிக்கொள்ளும்போது

உங்கள் உணர்ச்சி பாத்திரத்துக்குள் போவதற்கும் பாத்திரத்தின் உணர்ச்சி உங்களுக்குள் வருவதற்கும் ப்ளீட், அதாவது கசிவு, என்று பெயர், அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர் எமிலி கேர் பாஸ் 2007-இல் பேச்சில் கொண்டுவந்தது. கசிவதே தப்பு என்று இல்லை, பலர் அதற்காகத்தான் ஆடுகிறார்கள். கசிகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். ஆட்டத்தில் உங்களுக்குத் துரோகம் செய்த அண்ணனை ஆடியவர் மறுநாள் காலை உணவு வரிசையில் முன்னால் நிற்கும்போது, அவர் ரொட்டி எடுக்கும் விதமே எரிச்சலாக இருக்கும். உங்களுக்குக் காரணம் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நம் தெருக்கூத்தில் இதற்கு ஏற்பாடு இருந்திருக்கிறது. துகிலுரியும் காட்சிக்கு முன் கற்பூரம் ஏற்றிப் பாஞ்சாலியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அங்கே அது பக்தி, ஆனால் லார்ப்பிலும் கொடியவனாக ஆடுகிறவருக்கு இப்படி ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது. பாதிக்கப்பட்டவராக ஆடியவரைச் சுற்றி ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கூடும், கட்டிப்பிடிப்பார்கள், தேநீர் கொடுப்பார்கள். சித்திரவதை செய்யும் காவலராக ஆடியவர் ஓரமாகத் தனியாகச் சீருடையைக் கழற்றிக்கொண்டிருப்பார், அவரிடம் போய்ப் பேச ஆளிருக்காது. மூன்று நாளாக எல்லோரும் வெறுப்போடு பார்த்த முகம் அது. நீங்கள் போய்ப் பேசுங்கள், "எனக்கு நல்ல காட்சி கொடுத்தீர்கள்" என்று சொல்லுங்கள், நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

காதல் காட்சி ஆடியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டத்தில் வந்த காதல் இரண்டு வாரம் தாங்குமா என்று பாருங்கள். அதுவரை யாருக்கும் எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள், குறிப்பாக வீட்டில் ஒருவர் காத்திருக்கும்போது.

ஆட்டம் முடிந்த பிறகு

முடிந்ததும் உடையிலிருந்து ஒரு பொருளைக் கழற்றி, மோதிரமோ தொப்பியோ, எல்லோரும் பார்க்க நடுவில் வைத்துவிட்டுப் பாத்திரத்திடமிருந்து விடைபெறச் சொல்வார்கள். நிஜப் பெயர், என்ன வேலை செய்கிறேன், திங்கட்கிழமை என்ன செய்யப்போகிறேன் என்று சொல்ல வைப்பார்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் செய்துவிடுங்கள். அப்புறம் சின்னச் சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசுவது. பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், வற்புறுத்துகிற குழுவிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்: முடிந்த கையோடு கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். மூன்று ராத்திரி சரியாகத் தூங்காதவர் நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம் ஓட்டுவது எந்த வாள் சண்டையையும்விட ஆபத்து. இன்னொரு இரவு அங்கேயே தங்குங்கள், முடியாவிட்டால் ரயில், அதுவும் முடியாவிட்டால் நன்றாகத் தூங்கிய ஒருவரின் காரில் பின் இருக்கை.

மறுநாள் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு அலுவலகம், கடை, பேருந்து எல்லாமே சப்பென்று இருக்கும், அத்தனை பேர் சூழ இருந்துவிட்டுத் திடீரென்று மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது யாருக்கும் இனிக்காது. வழக்கமான சாப்பாடு, குளியல், வெயிலில் ஒரு நடை, லார்ப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு நண்பரோடு ஒரு பேச்சு, பெரும்பாலும் வாரக் கடைசிக்குள் சரியாகிவிடும். அந்த வாரம் எல்லோரும் புகைப்படமும் உருக்கமான பதிவுமாகப் போட்டுத் தள்ளுவார்கள், அதைப் பார்த்து "எனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று தோன்றும். அவர்களும் பாதி நேரம் குளிரில் நின்று அடுத்து என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள்தான், அந்தப் படத்தை யாரும் எடுக்கவில்லை. பல வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, ஒரே காட்சி மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், ஆட்டத்தில் கூட இருந்தவர்களிடமே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பது அதற்கு ஈடாகாது.

அடுத்த ஆட்டத்துக்குப் பதிவு செய்ய அந்த ஒரு வாரம் பொறுங்கள், பர்ஸுக்கும் நல்லது. அதற்குள் பெட்டியைத் திறந்து ஈர உடைகளை உலர்த்திவிடுங்கள், பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், பூஞ்சை பிடித்த கம்பளி வாசனை எந்தச் சோப்புக்கும் அசையாது. லேடெக்ஸ் வாளைத் துடைத்துச் சிலிகான் தெளித்துப் படுக்கை வாக்கில் வையுங்கள், நுனி தரையில் படும்படி மூலையில் சாய்த்து நிறுத்தினால் அடுத்த வருடத்துக்குள் தண்டு நுரையைக் குத்தி வெளியே வந்துவிடும்.